இன்சம்சாவை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும்

வல்லாங்குளம் கூட்டு ரோட்டில் ஒருவரைப் பார்த்து டீ சாப்பிடுகிறீர்களா என்று வெறுமனே கேட்டுவிட முடியாது. அதற்கென்று சொல் இருக்கிறது. ரேஷன் கடை மாடியில் உள்ள தேநீர்ச் சொல் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். எல்லாமே கொரியச் சொற்கள். பெரும்பாலும் மரம், சிலது இரும்பு. வீட்டுக்கு வந்தவரை உட்காரவைத்து, சொல்லை ஓங்கி அவர்மேல் ஒன்று போட வேண்டும். டீ சாப்பிடுங்கள் என்று அர்த்தம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் பெரிய கம்பெனி வரப்போகிறது என்று ஊரே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கம்பெனி வரவில்லை. கொரியாக்காரர் ஒருத்தர்கூட வரவில்லை. நாலு கன்டெய்னர் நிறையச் சொற்கள்தான் வந்து இறங்கின, கூடவே ஒரு சின்னப் புத்தகம். அந்த நாட்டில் பாவம் அவற்றை வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்களோ என்னவோ. இங்கே பிரித்துப் பார்த்தவர்கள் கைப்பிடி இருப்பதைக் கண்டார்கள். கைப்பிடி எதற்கு, அடிக்கத்தானே என்று முடிவு கட்டினார்கள். நம் ஆட்களுக்குக் கையில் ஒரு சாமான் கிடைத்தால் போதாதா.

புத்தகத்தில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. பொரிச்சா என்றால் பார்லி டீ. அங்கே வீட்டுக்கு வீடு தண்ணீர் மாதிரி குடிப்பார்களாம். சொல்லும் லேசு, சப்பாத்திக் கட்டை கனம்தான். பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அது போதும். நொக்சா பச்சைத் தேயிலை டீ. ஒரு முழ நீளம், காதுக்குக் கீழே போட வேண்டும். யுஜாச்சா எலுமிச்சை மாதிரி ஒரு பழத்தைச் சர்க்கரையில் ஊறப்போட்டுச் செய்வது. பிசுபிசுவென்று இருக்கும். அடித்தால் தோலோடுதான் வரும். தேச்சுச்சா இலந்தைப் பழத்தில் போடுவது. அதன் நுனியில் கொட்டை உண்டு.

இன்சம்சாதான் இருப்பதிலேயே கனம். ஏதோ ஒரு வேரில் போடும் டீயாம், உடம்புக்கு ரொம்ப நல்லதாம். வயதில் மூத்தவர்கள், மேலதிகாரிகள், சம்பந்திகள் ஆகியோருக்கு மட்டும். ஒற்றைக் கையால் கொடுத்தால் அவமரியாதை. இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் போட வேண்டும்.

அடி வாங்கியவர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. ஜுசேயோ. கொடுங்கள் என்று அர்த்தம். இதற்குக் கைப்பிடி கிடையாது, வாயால்தான் சொல்ல வேண்டும். சொன்னால் டீ வரும். ஒரு அடி, ஒரு டீ, முடிந்தது விஷயம்.

ஆனால் நம்மவர்கள் யார் வீட்டிலாவது எடுத்த எடுப்பில் கொடுங்கள் என்று கேட்பார்களா? கேட்டால் என்ன நினைப்பார்கள்? "அய்யய்யோ, வேணாங்க, இப்பத்தான் குட்ச்சிட்டு வர்றோம்" என்பார்கள். வீட்டுக்காரர் மட்டும் சும்மா விடுவாரா? "அட, ஒரு வாய் டீ குடிக்கிறதுக்கு இன்னாங்க" என்று இன்னொன்று போடுவார். வந்தவர் மறுபடி வேண்டாம் என்பார். கூட்டு ரோடு சுடுகாட்டில் முக்கால்வாசிப் பேர் மரியாதை தெரிந்தவர்கள்.

அஞ்சுகத்தின் புருஷன் தணிகாசலம் இந்த விஷயத்தில் ஊரிலேயே பேர் எடுத்தவர். லாரி எடை மேடையில் வேலை. அதிர்ந்து பேச மாட்டார். மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசத்தில் நான்கு முறை வேண்டாம் சொல்லி இடது காதை விட்டுவிட்டு வந்தார். மேனேஜர் வீட்டில் காறை எலும்பு போனது. வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில், வீடு பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வராமல், ஆறு பல்லைக் கொடுத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு முறையும் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் அஞ்சுகத்தைக் காட்டி, "அவளுக்கும் வேணாங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார். அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது மகள் சௌமியாவுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. ஏரிக்கரைத் தெரு எத்திராஜுலுவின் மகன். அன்றைக்குப் பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசி முடிக்க வேண்டும். பேசி முடிக்காமல் சம்பந்தி வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது வழக்கம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். எத்திராஜுலுவோ வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் பேச்சை ஆரம்பிக்காத மனிதர்.

முந்தின நாளே டாக்டர் தணிகாசலத்தின் நெஞ்சைத் தட்டிப் பார்த்திருந்தார். "இந்த உடம்பு இன்னும் மூணு வேணாம் தாங்கும்மா. நாலாவது சொன்னார்னா, அங்கயே துணி போட்டு மூடிக்கினு வந்துருங்க" என்றார். தணிகாசலம் எழுந்து நின்று டாக்டருக்குக் கும்பிடு போட்டார். டாக்டர் மரியாதைக்குப் பொரிச்சாவை எடுத்தார். அஞ்சுகம் அவரை இழுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டாள்.

காலையில் சௌமியா அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

"ஜு சொல்லுப்பா."

"ஜு."

"சே."

"சே."

"யோ."

"வேணாம்மா, அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்பா!"

"வாய் வர்லியேம்மா. ஒருத்தர் ஊட்ல போய், குடுன்னு எப்டிக் கேக்கறது? நம்ப இன்னா பிச்சைக்கா போறோம்?"

சௌமியா அழுதாள். அவருக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு சொல்தான் மனப்பாடம். கென்சனாயோ. பரவாயில்லை, இருக்கட்டும் என்று அர்த்தம். அதை மட்டும் கொரியாவிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி சொல்வார்.

அஞ்சுகம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஆள் செத்துப்போவார். காது போனது, பல் போனது, சரி, ஆள் இருந்தார். இன்றைக்கு ஆளே இருக்க மாட்டார். இருபத்துநான்கு வருடம் கூட வாழ்ந்த மனிதரை ஒரு டீக்குப் பறிகொடுப்பதா? அவள் புடவையை மாற்றிக்கொண்டு தேநீர்ச் சொல் அலுவலகத்துக்கு நடந்தாள். காலையில் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஒரு வாய் டீ குடிக்கவில்லை.

அலுவலகத்தில் எழுத்தர் கன்னியப்பனின் மேசை கடைசியில் இருந்தது. அவள் நடக்க நடக்க மேசை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. சுவரில் இருபது ஜன்னல் கடந்தாள். அப்புறம் நாற்பது. ஒரு ஜன்னலுக்கு வெளியே அவள் வீடு தெரிந்தது, அடுத்ததில் அவள் பிறந்த ஊர் தெரிந்தது. நல்ல வேளை, அஞ்சுகத்துக்கு அரசாங்க ஆபீஸ் புதிதில்லை. சரி, நாளைக்கு வருவோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மேசை பின்னாலேயே ஓடிவந்து அவள் முழங்காலில் இடித்தது.

"இன்னா வேணும்?" என்றான் கன்னியப்பன்.

"எங்க ஊட்டுக்காரருக்குப் பதிலா நான் ஜுசேயோ சொல்லணும் சார்."

"உன் பேர்ல வாய் இருக்குதா?"

"இதோ இருக்குதே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ரிஜிஸ்டர்ல இருக்குதான்னு கேக்கறேன்."

அவன் ரிஜிஸ்டரைப் புரட்டினான். வீட்டு எண் பதினேழு. தணிகாசலம், வாய் ஒன்று. அஞ்சுகம், கை இரண்டு. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"உனக்குக் கைதாம்மா காட்டுது. வாயே இல்லியே."

"அப்போ இப்போ யார் சார் பேசறது?"

"அதான் எனக்கும் புரியல" என்றான் கன்னியப்பன். அவன் முகத்தில் உண்மையாகவே கவலை தெரிந்தது. அதில் ஒன்றும் கள்ளமில்லை.

இருபத்துநான்கு வருடமாக எந்த வீட்டிலும் தன்னை ஏன் யாரும் கேட்கவில்லை, சொற்கள் வந்த பிறகும் ஏன் ஒரு அடிகூடத் தன்மேல் விழவில்லை என்பது அஞ்சுகத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அடி விழாதது நல்லதுதானே என்று பல பேர் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு யாராவது டீ கொடுத்திருப்பார்கள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"புதுசா ஒரு வாய் எழுதுங்க சார்."

"அத்தாட்சி வேணும்."

"இன்னா அத்தாட்சி?"

"ஒரு பல்லு. சொந்தப் பல்லா இருக்கணும். ஆடுற பல்லு செல்லாது."

அவள் வாயைத் திறந்து வலது பக்கக் கடைவாய்ப் பல்லைக் காட்டினாள். கன்னியப்பன் மேசை இழுப்பறையிலிருந்து குறடு ஒன்றை எடுத்தான். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு காலை அவள் தோளில் ஊன்றிக்கொண்டான். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் அவளும் நாற்காலியும் சேர்ந்து வந்தார்கள். மூன்றாவதில் பல் மட்டும் வந்தது. வேர் முழுசாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, குண்டூசியால் விண்ணப்பத்தோடு குத்திவைத்தான். விண்ணப்பத்தில் ரத்தம் சொட்டிய இடத்தில் கையெழுத்து போடச் சொன்னான். முத்திரை குத்தி ஒரு சீட்டைக் கொடுத்தான்.

"நல்லா கேட்டுக்கோ. வாய் பர்மனென்ட். இனிமே உன்னையும் எல்லாரும் கேப்பாங்க. ஆனா ஜுசேயோ ஒண்ணுதான். ஒரு கப்புக்குத்தான் செல்லும். அடுத்ததுக்கு வேற விண்ணப்பம் போடணும்."

"வேற பல்லா?"

"பின்ன?"

அஞ்சுகம் சீட்டை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தணிகாசலம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"எங்க போய்ட்ட? நேரம் ஆவுது பார்" என்றார். வாயில் என்ன என்று கேட்கவில்லை.

எத்திராஜுலு வாசலுக்கே வந்து வரவேற்றார். நல்ல ஆகிருதி. மிலிட்டரியில் இருந்தவர் மாதிரி மீசை. ஆனால் குழைந்து குழைந்து பேசினார். அவர் மனைவி பவுனம்மாள் கும்பிட்டபடி நின்றாள். அவள் பின்னால் சமையல் மேடையில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. ஹாலில் இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டூல், சுவரோரம் ஒரு ஷோகேஸ். ஷோகேஸின் நடுத்தட்டில், தஞ்சாவூர் பொம்மைக்கும் கேடயத்துக்கும் இடையில், மாப்பிள்ளைப் பையன் காலை மடித்து உட்கார்ந்திருந்தான். கண்ணாடி பூட்டியிருந்தது.

"தூசி படிஞ்சிடுது, அதான்" என்றாள் பவுனம்மாள்.

"நல்லாக்கறாரு" என்றார் தணிகாசலம். பையன் உள்ளிருந்து கும்பிட்டான்.

தணிகாசலம் உட்கார்ந்தார். அஞ்சுகம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எத்திராஜுலு சுவரில் மாட்டியிருந்த இன்சம்சாவை இறக்கினார். கறுத்த இரும்பு. ஆள் உயரம். தலைப்பக்கம் வேர்வேராகப் பிரிந்திருந்தது. மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்து, குனிந்து ஒரு வணக்கம் வைத்தார்.

"சம்மந்தி, மொதல்ல டீ."

"மொதல்ல பேசிடலாங்க. அப்புறம் டீ."

"டீ குட்ச்சாத்தானே பேச்சு?"

"பேசி முடிச்சாத்தானே கை நனைக்கிறது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எத்திராஜுலு ஓங்கித் தோளில் போட்டார். தணிகாசலத்தின் வலது தோள் ஒரு பக்கமாக இறங்கி, கை சட்டைக்குள் தனியாகத் தொங்கியது.

"வேணாங்க" என்றார் தணிகாசலம். "இப்பத்தான் குட்ச்சிட்டு வர்றோம்."

பொய். வீட்டில் அடுப்பே எரியவில்லை. அஞ்சுகம் விரலை மடக்கினாள். ஒன்று.

ஹால் நீண்டது. எத்திராஜுலு வீட்டு ஹால் அப்படித்தான், ஒரு வேண்டாமுக்குப் பத்துப் பதினைந்து அடி நீளும். கொத்தனார் அப்படிக் கட்டிக்கொடுத்திருந்தார். வருகிறவர்கள் மறுக்க மறுக்க வீட்டுக்காரர் இன்னும் தூரத்திலிருந்து ஓடிவந்து போடலாம். வேகப்பந்து வீச்சாளர் மாதிரி. அதுதான் முறையான உபசாரம் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

எத்திராஜுலு பின்னால் போய் நின்றார். ஓடிவந்தார். இந்த முறை முழங்கால். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. தணிகாசலம் நாற்காலியோடு சாய்ந்தார். பவுனம்மாள் ஓடிவந்து நாற்காலியை நிமிர்த்தி, வேட்டியைச் சரிசெய்துவிட்டாள். "கூச்சப்படாம குடிங்கண்ணா, நம்ப வீடுதான்" என்றாள்.

"ஏங்க," என்று அஞ்சுகம் காதோரம் குனிந்தாள். காது இல்லாத பக்கம் என்று ஞாபகம் வந்து மறு பக்கம் போனாள். "உங்க கால்ல விழறேன். ஒரு வார்த்த சொல்லிடுங்க. சௌமியா இன்னா சொல்லிக் குடுத்தா? ஜுன்னு ஆரம்பிங்க."

"நீ சும்மாரு. மானத்த வாங்காத" என்றார் மெதுவாக. எத்திராஜுலுவைப் பார்த்துச் சிரித்தார். பல்லில் ரத்தம். "இருக்கட்டுங்க, வேணாம். கென்சனாயோ."

"அடடா, அருமையா சொல்றாரே!" என்றார் எத்திராஜுலு. ஷோகேஸுக்குள் பையன் கை தட்டினான்.

இரண்டு. ஹால் நீண்டது. ஜன்னல்கள் எண்ணிக்கையில் கூடின. எத்திராஜுலு பின்னால் போகப் போகச் சின்னதாகிக்கொண்டே போனார். அங்கிருந்து அவர் "வரட்டுமா?" என்று கேட்டது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது மாதிரி இருந்தது. அவர் ஓடிவந்து சேரும் நேரத்தில் பவுனம்மாள் டீயை ஒரு முறை ஆற்றி எடுத்துவிட்டாள். இன்சம்சா விலாவில் இறங்கியது. உள்ளே நான்கைந்து எலும்பு ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. தணிகாசலம் இருமினார். மடியில் ஏதோ விழுந்தது. அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்தவர் வீட்டுத் தரையை அசிங்கப்படுத்துவாரா அவர்.

"வேணாங்க," என்றார். காற்றுதான் வந்தது. "அவளுக்கும்... வேணாங்க."

மூன்று.

அஞ்சுகம் மூன்றாவது விரலையும் மடக்கினாள். ஹாலின் மறுமுனையில் எத்திராஜுலு ஒரு புள்ளி. அந்தப் புள்ளி காலைத் தேய்த்துத் தயாரானது. ஓட ஆரம்பித்தது. பக்கத்தில் தணிகாசலம், அடுத்த வேண்டாமுக்காக உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தார். நாலாவது. பாவி மனிதர், அதைச் சொல்ல மூச்சைச் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தார்.

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். சீட்டை உருவி உயர்த்திப் பிடித்தாள்.

"ஹன் ஜன் ஜுசேயோ!" என்று கத்தினாள். ஒரு கப் கொடுங்கள். பல் போன இடத்திலிருந்து ரத்தம் தெறித்துச் சீட்டில் விழுந்தது.

எத்திராஜுலுவின் கை காற்றில் அப்படியே நின்றது. வேர்வேராக இருந்த இரும்பு தணிகாசலத்தின் நெற்றிக்கு நான்கு விரல் தூரத்தில் இருந்தது. எத்திராஜுலு சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார்.

"முத்திரை இருக்குது," என்றார். "செல்லும். பவுனு, சம்மந்தியம்மாவுக்கு ஒரு டீ."

பவுனம்மாள் கண்ணாடி டம்ளரில் டீ கொண்டுவந்து இரண்டு கைகளாலும் நீட்டினாள். அஞ்சுகம் இரண்டு கைகளாலும் வாங்கினாள். நல்ல நிறம். ஏலக்காய் போட்டிருந்தார்கள். வாசம் மூக்கில் ஏறியபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்தவர் வீட்டில் அவள் பேருக்கு வந்த முதல் டீ.

"கப்புல டீ இருக்கற வரைக்கும் யாரையும் அடிக்கக் கூடாது. புக்குலயே போட்டுக்கறான்" என்றார் எத்திராஜுலு. "ஆனா ஒண்ணு சம்மந்தியம்மா. நான் கேட்டது அவர. அவர் வாய்ல டீ போவணும். நீங்க குட்ச்சி முடிச்சீங்கன்னா நான் மறுபடி அவரக் கேக்க வேண்டிதுதான். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அஞ்சுகம் டம்ளரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

நீட்டினால் வேண்டாம் என்பார். கெஞ்சினாலும் வேண்டாம் என்பார். ஆனால் அவர் வேண்டாம் சொல்வதெல்லாம் அடுத்தவரிடம்தான். வீட்டில் அவளிடம் ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. கொடு என்றும் சொன்னதில்லை. காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் டம்ளரை நாற்காலிக் கையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவர் தலையைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டுவார். அவளுக்கென்று அவரிடம் மரியாதை எதுவும் கிடையாது. இத்தனை வருடம் அது அவளுக்கு மனக்குறையாகவே இருந்தது. இன்றைக்கு அதைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அவள் அவருக்குப் பின்பக்கமாக, வீட்டில் நிற்கிற மாதிரி நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரை நாற்காலிக் கையில் தட்டினாள். டக், டக்.

தணிகாசலத்தின் இடது கை தானாக நீண்டது.

டம்ளரை வாங்கினார். உறிஞ்சினார். ஒரு வாய் உள்ளே போனதும் எத்திராஜுலு இன்சம்சாவைத் தரையில் ஊன்றி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேச்சு மளமளவென்று நடந்தது. இரண்டாவது வாயில் ஆவணி மாதம் என்று ஆனது. மூன்றாவது வாயில் மண்டபம். நான்காவது வாயில் பையனை ஷோகேஸிலிருந்து எப்போது எடுப்பது என்று தீர்மானித்தார்கள். பவுனம்மாள் தட்டில் வெற்றிலை பாக்கு மாற்றினாள். சம்பந்தம் முடிந்தது. தணிகாசலத்தின் முகத்தில் நிறம் திரும்பியது. உயிர் இருந்தது. அஞ்சுகம் சுவரில் சாய்ந்துகொண்டு நெஞ்சில் கை வைத்தாள். அப்பாடா என்று இருந்தது.

தணிகாசலம் டம்ளரைத் திருப்பி நீட்டினார், பார்க்காமலே. அடியில் ஒரு வாய் மிச்சம்.

"சக்கர பத்தல" என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

எத்திராஜுலு எழுந்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் மரியாதை பொங்கியது. "இன்னா நான் ஒரு மடையன். சம்மந்தியம்மாவுக்குத்தான் இப்போ வாய் இருக்குதே. அவங்கள இன்னும் கேக்கவே இல்லியே. அந்த டீய அவங்க குடிக்கலியே!" என்றார். இன்சம்சாவை இரண்டு கைகளாலும் எடுத்து அவளுக்கு முன்னால் குனிந்தார். "சம்மந்தியம்மா, டீ?"

அஞ்சுகம் வாயைத் திறப்பதற்குள் தணிகாசலம் சொல்லிவிட்டார்.

"அவளுக்கு வேணாங்க."

ஹால் நீண்டது. இப்போது முறைப்படி சம்பந்தி, அதனால் மரியாதையும் முழு மரியாதை. சுவர்கள் ஓடின. நாற்காலிகள், பவுனம்மாள், ஷோகேஸ் எல்லாம் ஓரத்தில் ஒதுங்கின. எத்திராஜுலு பின்னால் நடந்துகொண்டே இருந்தார். வெகு நேரம் நடந்தார். கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் போனார். அங்கே அவர் திரும்பி நிற்கிறார் என்பது இரும்பு தரையில் உரசுகிற சத்தத்தில்தான் தெரிந்தது.

டம்ளரில் ஒரு வாய் இருந்தது. அது இருக்கும்வரை எத்திராஜுலு ஓடிவர முடியாது. காலியானால் வருவார், அவளுக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, அவளுடைய ஒரே ஜுசேயோவும் தீர்ந்துவிட்டது.

தணிகாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். முழங்கால் வரவில்லை. தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். நேராக முகத்தைப் பார்த்தார்.

"அஞ்சுகம், அத அப்டியே வச்சிரு. வூட்டுக்கு எட்த்துக்கினு போய்டலாம். மூடி போட்டு வச்சிக்கலாம். எத்தினி நாளானாலும் வச்சிக்கலாம். குட்ச்சிடாத" என்றார். "நான் சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னேன்டீ."

"தெரியும்" என்றாள் அஞ்சுகம்.

அவள் டம்ளரைப் பார்த்தாள். மூடி போட்டு வைத்துக்கொள்ளலாம்தான். அடுப்பு மேடையில் ஒரு மூலையில் வைத்து, தூசி படாமல், பூனை தட்டாமல், ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொள்ளலாம். அவர் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஜாக்கிரதை என்பார். டீ ஆறி ஏடு படிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் குடிக்க முடியாது. பல் பிடுங்கிய இடம் விண் விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து தொண்டை காய்ந்திருந்தது. அவள் பல்லைக் கொடுத்து வாங்கிய டீ அது.

இரண்டு கைகளாலும் டம்ளரைத் தூக்கினாள். குடித்தாள். அவசரப்படவில்லை. வாயில் வைத்திருந்து ருசி பார்த்து விழுங்கினாள். காலி டம்ளரைப் பவுனம்மாளிடம் கொடுத்தாள்.

ஹாலின் அந்தக் கோடியில் காலடிச் சத்தம் ஆரம்பித்தது. மெதுவாக, அப்புறம் வேகமாக.

அஞ்சுகம் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"சக்கர சரியாத்தான் இருக்குது" என்றாள்.